சிவ்ரி சேற்றுவெளியில் படமெடுக்க: இறங்கலாமா, கரையிலேயே நிற்கலாமா?

ஹார்பர்லைன் (செம்பூர்)

வணக்கம். போன ஞாயிறு காலை பூநாரைகளைப் படமெடுக்க மும்பையின் கிழக்குக் கரையில் உள்ள சிவ்ரி ஜெட்டிக்குப் (படகுத்துறைக்கு) போயிருந்தேன். கையில் கிராப் சென்சார் கேமரா, 70-300 லென்ஸ். வெயில் நேராக முகத்தில் அடித்தது. பறவைகள் எங்கோ தூரத்தில் ரோஜா நிறப் புள்ளிகளாக நின்றன. அதைவிட எனக்கு வருத்தம் சேற்றைப் பற்றித்தான். கண்ணுக்கு அது ஓடை ஓடையாக, வரி வரியாக மின்னிக்கொண்டு இருந்தது. படத்தில் பார்த்தால் ஒரே சாம்பல் பரப்பு.

அருகில் நின்ற இரண்டு பேர் பேன்ட்டை மடித்துக்கொண்டு சேற்றுக்குள் இறங்கிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் கூட்டம் முழுவதும் எழும்பிப் பறந்துவிட்டது. அவர்களுக்கு நல்ல பறக்கும் படங்கள் கிடைத்திருக்கும். இறங்குவது சரியா? இறங்காவிட்டால் 300 எம்.எம். போதுமா? சேற்றின் அழகைப் படத்தில் கொண்டுவர என்ன செய்ய வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கண்டல்காடு (வாஷி)

தம்பி, இறங்க வேண்டாம். மற்றதெல்லாம் அப்புறம்.

சிவ்ரியை ஒட்டிய தானே கழிமுகத்தின் வண்டல் மிகவும் நைசானது. மேலே காய்ந்தது போலத் தெரியும்; நாலு அடி வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும். செருப்பு அங்கேயே தங்கிவிடும். கம்பூட் இன்னும் மோசம், சேறு அதை அப்படியே கவ்விக்கொள்ளும். கையில் கேமராவோடு ஒரு காலை உருவப் பார்த்தால் மற்றக் கால் இறங்கும். சரிவே இல்லாத தரை என்பதால் கடல் ஏறும்போது தண்ணீர் எதிரே அலையடித்துக்கொண்டு வராது. ஓடைகள் வழியாகச் சுற்றிக்கொண்டு நமக்குப் பின்னால் வந்து நிற்கும். போதாததற்கு, இத்தனை ஆண்டுகளாக நகரத்தின் சாக்கடையும் ஆலைக் கழிவும் வந்து படிந்த சேறு அது. கண்ணாடிச் சில், ஆணி, சிப்பி ஓடு எல்லாம் உள்ளே கிடக்கும். காலில் ஒரு கீறல் விழுந்தாலும் டெட்டனஸ் ஊசி தேவையா என்று டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும்.

பறவைகளுக்கு என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நவம்பர் வாக்கில் வந்து, மே கடைசி அல்லது ஜூன் வரை இங்கே இருக்கின்றன. பெரும்பாலும் சிறு பூநாரைகள். தலைகீழாக அலகை வைத்துத் தண்ணீரை வடிகட்டி, கண்ணுக்குத் தெரியாத பாசியைத் தின்று உடம்பைத் தேற்றுகின்றன. சேறு தண்ணீருக்கு மேலும் இல்லாமல் ஆழத்திலும் இல்லாமல் இருக்கும் சில மணி நேரம்தான் அவற்றுக்குச் சாப்பாட்டு வேளை. அந்த நேரத்தில் கிளப்பிவிட்டால் சாப்பாடும் போகிறது, பறந்த சக்தியும் போகிறது. அடுத்த வாரம் இன்னொருவர் வந்து இதையே செய்வார். சிவ்ரி, தானே கழிமுகப் பூநாரைச் சரணாலயத்தின் எல்லைக்குள் வராத இடம் என்பதால், நாம் நிதானமாக இருந்தால்தான் உண்டு.

இறங்காமல் அருகில் கிடைக்குமா என்றால், கிடைக்கும். பறவையிடம் நாம் போகத் தேவையில்லை, கடலே அதைக் கரைப்பக்கம் ஒதுக்கித் தரும். நீர் ஏற ஏற அவை கரைப்பக்கமாக நகர்ந்து வரும். முழுக்க ஏறியதும் சேறு மறைந்து பறவைகள் வேறு இடம் போய்விடும். வற்றத் தொடங்கி, ஜெட்டிக்கு அருகில் முதல் சேறு தலைகாட்டும்போது திரும்பி வரும். அப்புறம் தண்ணீரின் ஓரத்தைத் தொடர்ந்து தூரப் போய்விடும். ஆக ஹை டைடுக்கு, அதாவது நீர் முழுக்க ஏறி நிற்கும் வேளைக்கு, இரண்டு மூன்று மணி நேரம் முன்னால், அல்லது அதே அளவு பின்னால் அங்கே நிற்க வேண்டும். அந்த வேளையில் 300 போதும். வேளை தவறினால் 600 எம்.எம்.மும் புள்ளியைத்தான் காட்டும்.

ஹை டைட் எப்போது என்பதற்கு இந்தக் கொங்கண் கரையில் பழைய கணக்கு ஒன்று உண்டு. திதியின் எண்ணை முக்காலால் பெருக்கு. அஷ்டமி என்றால் எட்டு முக்கால் ஆறு, காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் ஹை டைட். அமாவாசை, பௌர்ணமிக்குப் பதினைந்து முக்கால் பதினொன்றேகால்; நண்பகலும் நள்ளிரவும் ஒட்டி ஏறும். வளர்பிறை, தேய்பிறை இரண்டுக்கும் இதே கணக்குதான். வீட்டில் தினசரி காலண்டர் தொங்கினால் போதும், மாதம் முழுவதும் திட்டம் போடலாம். இது தோராயம்தான், போவதற்கு முந்தின நாள் டைட் டேபிளை (கடல் ஏறி இறங்கும் நேர அட்டவணையை) பார்த்து உறுதி செய்துகொள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நாலு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். அன்று நீர் வேகமாக ஓடும், நல்ல நேரமும் சீக்கிரம் கடந்துவிடும். அஷ்டமியை ஒட்டி எல்லாம் நிதானமாக நடக்கும்.

இன்னொன்று. சிவ்ரி ஜெட்டி கிழக்கே பார்த்த கரை. காலையில் போனால் வெயில் முகத்தில்தான் அடிக்கும். சாயங்காலம் போனால் சூரியன் உன் முதுகுப் பக்கம். பிற்பகலில் கடல்காற்று மேற்கிலிருந்து வீசும். பூநாரை காற்றை எதிர்த்து ஓடித்தான் மேலே எழும்பும். அதாவது தானாகப் பறக்கும்போது உன் பக்கம் முகம் வைத்து, வெயில் முகத்தில் பட எழும்பும். யாரும் துரத்த வேண்டியதில்லை.

மாட்டுங்கா மழை

கண்டல்காடு சார் சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். பறவையின் நிறம் வேண்டுமென்றால் மாலை. சேறு வேண்டுமென்றால் சிவ்ரிக்குக் காலைதான். தாழ்ந்த வெயில் எதிரிலிருந்து வரும்போதுதான் ஈரச் சேற்றின் ஒவ்வொரு வரியும் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலுமாகப் பிரியும். ஓடைகள் பொன் கம்பி போல ஓடும். பின்னாலிருந்து வெயில் விழுந்தால் அந்த நிழல்கள் எல்லாம் மறைந்து தட்டையாகிவிடும். ஹார்பர்லைன், நீங்கள் போன நேரம் சேற்றுக்குச் சரியான நேரம்தான். எக்ஸ்போஷரில்தான், அதாவது வெளிச்ச அளவில்தான், வேலை இருக்கிறது.

ஆட்டோவில் விட்டால் கேமரா எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். இருண்ட சேறு சட்டத்தை நிறைத்திருந்தால் அதை வெளுக்க வைக்கும், அதில் நிற்கும் பறவையின் வெள்ளை இறகு வெந்துபோகும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் பக்கம் முக்கால் ஸ்டாப், ஒரு ஸ்டாப் இறக்குங்கள் (ஒரு ஸ்டாப் இறக்கினால் வெளிச்சம் பாதியாகும்). அதே சேறு வானத்தைப் பிரதிபலித்துப் பளபளத்தால் கேமரா ஏமாந்து எல்லாவற்றையும் இருட்டாக்கும். அப்போது முடிவு உங்களுடையது. மினுக்கம்தான் படம் என்றால் மினுக்கத்துக்கு எக்ஸ்போஸ் செய்துவிட்டு, பறவைகளைக் கறுப்பு உருவங்களாக விட்டுவிடுங்கள். கழுத்தின் வளைவும் காலின் நீளமும் உள்ள பறவைக்குக் கறுப்பு உருவம் பொருத்தமாக இருக்கும்.

பூநாரைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. சாதாரண ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) நன்றாக இருப்பது போலத் தோன்றும், ஆனால் சிறகின் சிவப்பு நிரம்பி வழிந்து இறகு விவரம் எல்லாம் அழிந்திருக்கும். மூன்று வண்ணமும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை வைத்துச் சிவப்பைப் பாருங்கள். வீட்டுக்கு வந்து சாச்சுரேஷனை (நிற அடர்த்தியை) ஏற்றவே வேண்டாம். அந்த நிறம் உணவிலிருந்து வருவது, வயதுக்கும் உடல்நிலைக்கும் தகுந்தபடி மாறும். இளம் பறவைகள் சாம்பலும் பழுப்புமாகத்தான் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே ரோஜாவாக்கினால் கூட்டத்தில் எது குஞ்சு, எது பெரியது என்ற செய்தியே போய்விடும்.

போலரைசர் ஃபில்டரைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். ஈரச் சேற்றின் மினுக்கத்தை அது உறிஞ்சிவிடும். அடியில் இருக்கும் பழுப்பும் பச்சைப் பாசியும் தெரிய வேண்டுமானால் போடுங்கள். மினுக்கம் வேண்டுமானால் கழற்றிவிடுங்கள். ஒன்றரை இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தையும் தின்றுவிடும், அதனால் பறக்கும் பறவைக்கு வேண்டவே வேண்டாம்.

வெயில் ஏறிய பிறகு சூடான சேற்றின் மேல் காற்று அலைபாயும். தூரத்துப் பறவையை அந்தக் காற்றின் ஊடாக எடுத்தால் எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸும் கூர்மை தராது. பலர் ஃபோகஸ் கோளாறு என்று நினைத்து லென்ஸை சர்வீசுக்குக் கொடுக்கிறார்கள். கோளாறு காற்றில் இருக்கிறது. காலை ஒன்பதுக்குள் முடித்துக்கொள்ளுங்கள், அல்லது அருகில் இருப்பதை மட்டும் எடுங்கள்.

தாராவி லென்ஸ்

எல்லாம் சரி. ஆனால் கோலி மீனவர்கள் தினமும் அந்தச் சேற்றில் இறங்குகிறார்கள், பறவைகள் ஒன்றும் ஊரைக் காலி செய்துவிட்டுப் போகவில்லை. ஜெட்டி மேல் நின்று எடுத்தால் எல்லார் படமும் ஒரே மாதிரி, மேலிருந்து கீழே பார்த்த கோணம், பின்னணி முழுவதும் சேறு. பறவையின் கண் மட்டத்துக்கு இறங்கினால்தான் படத்துக்கு உயிர் வரும். நான் மொபைலில் எடுக்கிறவன், எனக்குப் பெரிய லென்ஸ் வாங்க வசதி கிடையாது. அருகில் போகக் கூடாது என்றால் லட்ச ரூபாய் லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் இந்தப் பறவைகள் சொந்தமா?

கண்டல்காடு (வாஷி)

நியாயமான கேள்வி தம்பி. மீனவர் எந்த ஓடையில் தரை கெட்டி, எந்த நேரம் தண்ணீர் திரும்பும் என்று சிறு வயதிலிருந்தே அறிந்தவர். தன் வலையைப் பார்த்துக்கொண்டு ஒரே வழியில் ஒரே வேகத்தில் போவார். பறவையை நோக்கி நேராக, குனிந்து, நின்று நின்று போவது நாம்தான். வேட்டையாடும் விலங்கு அப்படித்தான் வரும். அவருக்குப் பிழைப்பு அது. நமக்குப் படம் கிடைக்காவிட்டால் வேறொரு நாள் வரலாம்.

ஆனால் கோணத்தைப் பற்றி நீ சொன்னது உண்மை. அதற்கு நெரூல் நாரை பதில் சொல்வார் என்று நினைக்கிறேன். அவர் ஆண்டுக்கணக்கில் அந்தக் கரையில் உட்கார்ந்திருக்கிறார்.

நெரூல் நாரை

கூப்பிட்டதற்கு நன்றி சார்.

தாழ்ந்த கோணத்துக்குச் சேற்றில் படுக்க வேண்டும் என்று இல்லை. தூரத்தில் இருக்கும் பறவைக்கு நாம் இரண்டடி உயரத்தில் இருந்தாலே பார்வை ஏறக்குறைய கிடைமட்டம்தான். ஆகவே கரையின் மிகத் தாழ்ந்த கெட்டியான இடத்தைத் தேடிக் கீழே உட்காருங்கள். ஒரு பாலிதீன் விரிப்பு, துணிப்பையில் அரை கிலோ பயறு போட்டுத் தைத்த ஒரு மெத்தை, அதன் மேல் லென்ஸ். டிரைபாட் தேவையில்லை. உட்கார்ந்த ஆளைக் கண்டு பறவை அவ்வளவு பயப்படாது; எழுந்து நடமாடும் ஆளைத்தான் கவனிக்கும்.

காலை வெயில் முதுகில் வேண்டும் என்பவர்கள் நவி மும்பை பக்கம் வாருங்கள். நெரூல் கரை மேற்கே பார்த்தது. கழிமுகத்துச் சேறு முழுக்க நீரில் மூழ்கியதும் பறவைகள் ஒதுங்க இங்கே உள்ள நீர்நிலைகளுக்கு வருகின்றன. அதனால் சிவ்ரியில் எது கெட்ட நேரமோ அது இங்கே நல்ல நேரம். அஷ்டமியை ஒட்டிய காலைகள் இதற்குப் பொருத்தம். ஹை டைடும் வெயிலும் சேர்ந்து வரும். இந்த நீர்நிலைகளுக்குக் கடல்நீர் வந்து போகும் வழிகள் அடைபடாமல் இருந்தால்தான் இதெல்லாம். அதற்காக இங்கே குடியிருப்பவர்கள் பலர் விடாமல் குரல் கொடுத்து வருகிறார்கள். படமெடுக்க வருகிறவர்கள் தேதியோடு படங்களைச் சேமித்து வைத்தால் அதுவும் ஒரு சான்றாகும்.

தாராவி லென்ஸ், மொபைலில் எடுக்கிறீர்கள் என்றால் பூநாரையை விட்டுவிட்டுக் கரையோரத்தைப் பாருங்கள் என்று மனதாரச் சொல்வேன். காலடியில் இருக்கும் சேற்றில்தான் உயிர் அதிகம். சேற்றில் தாவும் மட்ஸ்கிப்பர், உளுவை இனம். செவுள் அறையில் தண்ணீர் வைத்துக்கொண்டு, ஈரத்தோல் வழியாகவும் மூச்சு விட்டுக்கொண்டு வெளியே திரியும். இரண்டு ஆண்கள் எதிர்ப்பட்டால் முதுகுத் துடுப்பை விரித்து மோதும். ஃபிட்லர் நண்டில் ஆணுக்கு ஒரு கை மட்டும் உடம்பளவு பெரிது. அதை ஆட்டி ஆட்டிப் பெண்ணைக் கூப்பிடும். நிழல் பட்டதும் எல்லாம் வளைக்குள் போய்விடும். அசையாமல் உட்கார்ந்தால் ஒவ்வொன்றாக வெளியே வரும். மொபைலைக் கெட்டியான ஓரத்தில் தரையோடு தரையாகச் சாய்த்து வைத்து, ஒயர்லெஸ் ரிமோட்டில் தட்டுங்கள். கண்டலின் மூச்சுவேர்கள் பென்சில் நட்டது போல முன்னால் நிற்க, நண்டு நடுவில், பின்னால் வானம். பெரிய லென்ஸ்காரர்களுக்கு அந்தக் கோணம் வராது.

70-300 வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும். அந்த லென்ஸ் ஒன்றரை மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் ஆகும், நண்டுக்கு அது தாராளம்.

தாராவி லென்ஸ்

ரிமோட் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது. முயன்று பார்க்கிறேன். மீனவர் விஷயத்தில் சார் சொன்னதையும் ஏற்கிறேன், ஆனால் கல்லெறிந்து கூட்டத்தைக் கிளப்புகிறவர்களில் பெரிய லென்ஸ்காரர்களும் உண்டு. அவர்களிடமும் இதே கண்டிப்போடு பேச வேண்டும்.

முலுண்ட் அக்கா

அது யாராக இருந்தாலும் சொல்ல வேண்டும் தம்பி, அதில் மாற்றுக் கருத்தே இல்லை.

ஐரோலியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அங்கே கடலோர உயிரினப் பன்மை மையத்திலிருந்து படகு போகிறது. தானே கழிமுகப் பூநாரைச் சரணாலயம் 2015-இல் அறிவிக்கப்பட்டது, 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பி.என்.ஹெச்.எஸ். (பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம்) கணக்கெடுப்பில் இந்தக் கழிமுகப் பகுதியில் ஒரு லட்சத்துக்கு மேல் பூநாரைகள் பதிவான ஆண்டுகள் உண்டு. படகு கிளம்பும் நேரம் நீர்மட்டத்தைப் பொறுத்தது என்பதால் முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது. படகில் டிரைபாட் எதற்கும் உதவாது, எஞ்சின் அதிர்வு முழுவதும் லென்ஸுக்கு ஏறும். கையில் பிடித்து, ஷட்டர் 1/1600-க்குக் குறையாமல் வையுங்கள். படகில் உட்கார்ந்தால் பறவையின் கண் மட்டம் தானாக வந்துவிடுகிறது. நான் எடுத்ததில் எனக்கு மனதுக்குப் பிடித்தவை எல்லாம் அங்கே எடுத்தவைதான். பூநாரை மட்டும் இல்லை, கருவால் மூக்கன், உள்ளான் கூட்டம், கரைக்கொக்கு, கடற்காகம் எல்லாம் கிடைக்கும்.

கண்டல் காட்டில் நரிகள் இருக்கின்றன. அந்திவேளையில் சேற்றில் காலடித்தடம் பார்க்கலாம், அதிர்ஷ்டம் இருந்தால் ஆளையும் பார்க்கலாம். படம் எடுத்தால் போடுங்கள், இடத்தைப் போடாதீர்கள். மொபைல் படத்தில் ஜி.பி.எஸ். விவரம் தானாகச் சேர்ந்திருக்கும், அதை நீக்கிவிட்டுப் போடுங்கள். இடம் தெரிந்த மறுவாரமே பிஸ்கட் பாக்கெட்டோடு ஆட்கள் வந்து நிற்பார்கள். மனிதர் கையால் தின்னப் பழகிய நரி குடியிருப்புக்குள் வந்து அடிபடும்.

ஹார்பர்லைன் (செம்பூர்)

இவ்வளவு விரிவாகச் சொன்னதற்கு எல்லாருக்கும் நன்றி. இன்னொரு சந்தேகம். சிவ்ரியில் எந்தப் பக்கம் திருப்பினாலும் புகைபோக்கி, எண்ணெய்த் தொட்டி, இப்போது அடல் சேதுக் கடல்பாலமும் சட்டத்தில் வருகிறது. அதைத் தவிர்த்து எடுப்பது நல்லதா, வைத்தே எடுக்கலாமா? ஊரில் கோடியக்கரையில் எடுத்த படங்களில் வானமும் நீரும் மட்டும் இருக்கும்.

மாட்டுங்கா மழை

வைத்தே எடுங்கள். 2024 ஜனவரியில் திறந்த கிட்டத்தட்ட 22 கிலோமீட்டர் பாலம் இந்தச் சேற்றின் ஓரத்திலிருந்துதான் கிளம்புகிறது. அது நடந்த உண்மை. லட்சம் பூநாரைகள் ஒரு பெருநகரத்தின் நடுவில் வந்து தின்கின்றன என்பதுதான் இங்குள்ள அதிசயம். பாலத்தை வெட்டிவிட்டால் அது கோடியக்கரைப் படம் ஆகிவிடும், அதற்கு இங்கே வர வேண்டியதில்லை. நீள லென்ஸில் தூரத்துத் தூண்கள் நெருங்கி வரிசையாகத் தெரியும், அந்த வரிசைக்கு முன்னால் பறவைகளின் கால் வரிசை. லென்ஸின் துவாரத்தை எஃப்/11 வரை மூடுங்கள், இல்லாவிட்டால் பாலம் வெறும் கலங்கலாகப் போய்விடும்.

முலுண்ட் அக்கா

நான் இதில் பாதிதான் உடன்படுவேன். எல்லாப் படத்திலும் பாலத்தை வைத்தால் பறவை ஒரு அலங்காரமாகிவிடுகிறது. பறவை என்ன செய்கிறது என்பதைக் காட்டும் படம் வேறு. அதில் சேறும் அலகும் போதும். 2024 மே மாதம் காட்கோபரில் விமானம் மோதி நாற்பது வரை பூநாரைகள் இறந்தபோது, இங்கே இவை இரவில் பறந்து இடம் மாறுகின்றன என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. அவற்றின் வாழ்க்கையைக் காட்டும் படங்கள் நமக்குக் குறைவு.

பன்வேல் வயல்

கொஞ்சம் தாமதமாக வருகிறேன். எல்லாரும் பூநாரைக் காலத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். அவை போன பிறகு, ஜூலையில் கர்ஜத், பன்வேல் பக்கம் நாற்று நடும் வயல்களுக்கு வாருங்கள். உழுத சேறு, அதில் மேகத்தின் நிழல், உழவுக்குப் பின்னாலேயே நடக்கும் உண்ணிக்கொக்குகள், சில நாள் அரிவாள் மூக்கன்கள். வரப்பில் நின்று எடுங்கள், நட்ட வயலில் கால் வைக்காதீர்கள். வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். படத்தை வாட்ஸாப்பில் அனுப்பினால் அடுத்த ஆண்டு அவர்களே கூப்பிடுவார்கள். மேகமூட்டத்தில் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் செம்மண் சேற்றை நீலமாக்கிவிடும். 'கிளவுடி' அமைப்பில் வைத்து, ரா ஃபைலாக (கேமரா திருத்தாத மூலக் கோப்பாக) எடுங்கள். மழைக்காலச் சேற்றில் எலிக்காய்ச்சல் ஆபத்து உண்டு, காலில் புண் இருந்தால் தண்ணீரில் இறங்கவே வேண்டாம்.

சாமான்களைப் பற்றி ஒரு வார்த்தை. கழிமுகச் சேற்றில் உப்பு இருக்கிறது. டிரைபாட் கால்களை அன்றே நல்ல தண்ணீரில், பூட்டைத் திறந்து, மணல் வெளியே வரும்வரை கழுவுங்கள். ஒரு நாள் விட்டால் திருகு இறுகிவிடும். லென்ஸ் மேல் தெறித்த சேற்றை ஈரமாக இருக்கும்போது துடைக்கக் கூடாது, தேய்த்தால் கோடு விழும். காயவிட்டு, புளோவரால் ஊதி, மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டு, கடைசியாகத்தான் துணி. சேற்றுக்கரையில் லென்ஸ் மாற்றவே வேண்டாம். மும்பை ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஏ.சி. அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் கண்ணாடி மூடுபனி கட்டும், பையோடு அரை மணி நேரம் வெளியே வைத்துப் பழக்கிவிட்டுத் திறங்கள்.

ஹார்பர்லைன் (செம்பூர்)

காலண்டரைப் பார்த்தேன். வரும் சனிக்கிழமை திரிதியை. கண்டல்காடு சார், மூன்று முக்கால் இரண்டேகால். அப்படியென்றால் மதியம் இரண்டேகாலுக்கு ஹை டைட், சரிதானே? எத்தனை மணிக்குப் போகட்டும்?

கண்டல்காடு (வாஷி)

சரிதான். டேபிளிலும் ஒரு தடவை பார்த்துவிடு. நான்கு மணிக்கு ஜெட்டியில் இரு. முதல் சேறு அதற்குப் பிறகுதான் தெரியும், பறவைகள் இறங்கும்போது நீ ஏற்கெனவே உட்கார்ந்திருக்க வேண்டும். ஆறு மணி வரை வெளிச்சம் நன்றாக இருக்கும், அதற்குள் அவை தூரம் போய்விடும். சிவ்ரி ஸ்டேஷனிலிருந்து கிழக்குப் பக்கம் இறங்கினால் இருபது நிமிட நடை, லாரிகள் அதிகம் என்பதால் ஓரமாக நட. தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள், ஜெட்டியில் நிழல் கிடையாது. நானும் நெரூல் நாரையும் வருகிறோம். தாராவி லென்ஸ், ரிமோட் வந்துவிட்டால் நீயும் வா. ஜெட்டிக்குப் பக்கத்தில் கெட்டியான கரையில் நண்டு வளைகள் இருக்கும் இடத்தைக் காட்டுகிறேன்.